சப்ளை செயின் சான்றிதழ் எடுத்தால் வேலையில் எது மாறும், எது மாறாது?

கிடங்குவாசல்:
வணக்கம் நண்பர்களே. கிடங்கிலோ டிஸ்பேட்சிலோ மூன்று, நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திட்டமிடல் பக்கமோ கொள்முதல் பக்கமோ நகர நினைப்பவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஒரு சர்டிஃபிகேஷன் எடுத்துவிடு. எதை எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் வருகிறது. சிபிஐஎம், சிஎஸ்சிபி, சிஎல்டிடி, சிபிஎஸ்எம், சிஐபிஎஸ். எழுத்துகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. கட்டணம் கட்டி, பல மாதம் கண்விழித்துப் படிக்க வேண்டிய விஷயம் இது. எந்தக் கதவு இதனால் திறக்கும், எது திறக்காது, படிப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

திட்டப்பலகை:
எழுத்துகளை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்து உட்கார வேண்டிய நாற்காலி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். சான்றிதழ் அதற்குப் பிறகுதான்.

1957இல் ஏபிஐசிஎஸ் என்ற பெயரில் தொடங்கிய அமைப்புதான் இன்று ஏஎஸ்சிஎம் என்ற சப்ளை செயின் சங்கம். நீங்கள் சொன்ன பெயர்களில் மூன்று அவர்களுடையவை. சிபிஐஎம் உற்பத்தித் திட்டமிடலுக்கும் சரக்கிருப்புக்கும் ஆனது. தேவைக் கணிப்பு, மாஸ்டர் ஷெட்யூல் (எதை எப்போது எவ்வளவு உற்பத்தி செய்வது என்ற அட்டவணை), எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்), கெபாசிட்டி, சேஃப்டி ஸ்டாக் (தட்டுப்பாடு வராமலிருக்க வைக்கும் கூடுதல் இருப்பு) என்று பிளானர் தினமும் தொடும் விஷயங்களை ஆழமாகத் தோண்டும். சிஎஸ்சிபி ஆலையின் சுவரைத் தாண்டிப் பார்ப்பது: சப்ளையரின் சப்ளையர் முதல் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் வரை. ஆழம் குறைவு, அகலம் அதிகம். சிஎல்டிடி போக்குவரத்து, கிடங்கு, சுங்கம், விநியோக மையம் பக்கம்.

மூன்றுக்கும் தேர்வு ஒரே அச்சுதான். 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். அதில் 20 கேள்விகள் சோதனைக்காக வைக்கப்படுபவை, மதிப்பெண் கிடையாது. எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. மதிப்பெண் 200இலிருந்து 350 வரையிலான அளவுகோலில் வரும், 300 எடுத்தால் தேர்ச்சி. இதை 350க்கு 300 என்று சதவீதமாக மாற்றிப் பார்த்து 85 சதவீதம் வேண்டுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது சதவீதக் கணக்கு இல்லை. சிபிஐஎம் முன்பு இரண்டு பகுதித் தேர்வாக இருந்தது, 8.0 பதிப்பிலிருந்து ஒரே தேர்வு. பழைய புத்தகத்தை யாராவது இரவல் கொடுத்தால் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

கிடங்கிலிருந்து திட்டமிடலுக்கு என்றால் என் ஓட்டு சிபிஐஎம்முக்கு. கிடங்கிலேயே மேலே ஏற வேண்டும் என்றால் சிஎல்டிடி. சிஎஸ்சிபி ஏற்கெனவே ஒரு துறையை நன்றாகப் பிடித்துக்கொண்டு, பல துறைகளை ஒருங்கிணைக்கும் மேலாளர் பதவிக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தும். ஆரம்பத்திலேயே அதை எடுத்தால் எல்லா வார்த்தையும் தெரியும், ஒரு கணக்கும் போட வராது என்ற நிலையில் நிற்க நேரும்.

கொள்முதல்மேசை:
கொள்முதல் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். இங்கே இரண்டு பெரிய பெயர்கள். சிஐபிஎஸ் பிரிட்டனில் 1932இல் தொடங்கியது, 1992இல் அரச சாசனம் பெற்றது. அது ஒரே தேர்வில் முடிகிற விஷயம் அல்ல. நான்காம் நிலை டிப்ளமா, ஐந்தாம் நிலை, ஆறாம் நிலை என்று படிப்படியாக ஏற வேண்டும். ஆறாம் நிலை முடித்து, மூன்று வருடப் பொறுப்பான அனுபவமும் காட்டினால்தான் எம்சிஐபிஎஸ் என்று பெயருக்குப் பின்னால் போட முடியும். சில பாடங்களுக்கு விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, சிலவற்றுக்கு விரிவாக எழுதும் தேர்வு. எழுதிப் பழக்கம் விட்டுப்போனவர்கள் இரண்டாவதில்தான் திணறுகிறார்கள்.

சிபிஎஸ்எம் அமெரிக்காவின் ஐஎஸ்எம் கொடுப்பது, 1915இல் பிறந்த அமைப்பு. மாதாமாதம் உற்பத்தித் துறையின் பிஎம்ஐ என்ற கொள்முதல் மேலாளர் குறியீட்டெண்ணை வெளியிடுவதும் அவர்கள்தான். மூன்று தேர்வுகள், கூடவே பட்டதாரிக்கு மூன்று வருட முழுநேர அனுபவம், பட்டம் இல்லாதவருக்கு ஐந்து வருடம். அனுபவத்தைச் சப்ளை மேனேஜ்மென்ட் வேலையாகக் காட்ட வேண்டும். வெறும் எழுத்தர் வேலையாக எழுதிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே தகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

எந்தச் சான்றிதழ் என்பதைத் தீர்மானிக்க ஒரு எளிய வழி: நீங்கள் போக விரும்பும் பதவிக்கு வந்த 30 வேலை அறிவிப்புகளை எடுத்து, எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். பிரிட்டிஷ் வழக்கம் உள்ள நிறுவனங்களில் சிஐபிஎஸ் வரும், அமெரிக்கத் தலைமையகம் உள்ளவற்றில் ஏஎஸ்சிஎம், ஐஎஸ்எம் பெயர்கள் வரும். எண்ணிப் பார்க்காமல் நண்பர் எடுத்தார் என்று எடுப்பதுதான் நிறையப் பேர் செய்கிற முதல் தவறு.

எண்கணக்கர்:
சம்பளத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. 'சான்றிதழ் உள்ளவர் இத்தனை சதவீதம் அதிகம் வாங்குகிறார்' என்ற வரியைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கெடுப்பை நடத்தியவர் யார்? பெரும்பாலும் சான்றிதழ் கொடுக்கும் அமைப்புதான். பதில் சொன்னவர்கள் யார்? பெரும்பாலும் அதன் உறுப்பினர்கள். அனுபவம், பதவி, தொழில்வகை ஆகியவற்றைச் சமமாக்கி ஒப்பிட்டார்களா? எடுத்தவர்களில் பலர் ஏற்கெனவே பத்து வருட அனுபவம் உள்ளவர்கள், பெரிய நிறுவனத்தில் இருப்பவர்கள், கட்டணத்தை நிறுவனமே கட்டியவர்கள். அந்தச் சம்பள வித்தியாசத்தில் எவ்வளவு தாளுக்கு, எவ்வளவு ஆளுக்கு என்று பிரிக்காமல் அந்த எண்ணை நம்பிக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள்.

தாள் கைக்கு வந்த மறுமாதமே அதே நாற்காலிக்குச் சம்பளம் கூடுவது அபூர்வம். கூடுகிற இடம் இரண்டுதான்: பதவி மாறும்போது, நிறுவனம் மாறும்போது. அந்த இரண்டு தருணத்தில் ஒன்று ஒரு வருடத்துக்குள் வரும் என்று இருந்தால் இப்போது எடுப்பதில் அர்த்தம் உண்டு.

திட்டப்பலகை:
எண்கணக்கர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் சம்பளத்தை மட்டும் பார்த்தால் பெரிய பலன் கண்ணில் படாமல் போய்விடும். சான்றிதழ் படிப்பு கொடுப்பது பொதுமொழி. பிளானரும் கொள்முதல் செய்யும் பையரும் கிடங்கும் நிதித்துறையும் ஒரே வார்த்தைக்கு ஒரே அர்த்தம் வைத்துப் பேச முடிகிறது. ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு பொருள் சராசரியாக ஒரு நாளைக்கு 200 போகிறது. நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 40. சப்ளையரின் லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரையான காலம், 9 நாள். 95 சதவீத சேவை நிலைக்கான பெருக்கு எண் 1.65. பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த சூத்திரப்படி 1.65 × 40 × √9, அதாவது 198. பிளானர் 200 என்று ஏற்றிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார். ஆனாலும் மாதம் தவறாமல் பொருளுக்குத் தட்டுப்பாடு வருகிறது. உடனே விற்பனைப் பிரிவின் கணிப்பு சரியில்லை என்று சண்டை.

உண்மையில் அந்தச் சப்ளையர் 9 நாள் என்று சொல்லி ஒருமுறை 7 நாளில், ஒருமுறை 12 நாளில் கொண்டுவருகிறார். லீட் டைமின் திட்ட விலக்கம் 2 நாள் என்று வையுங்கள். இப்போது வர்க்கமூலத்துக்குள் இரண்டு துண்டுகள் வரும். தேவையின் ஏற்ற இறக்கம்: 9 × 40 × 40 = 14,400. லீட் டைமின் ஏற்ற இறக்கம்: 200 × 200 × 2 × 2 = 1,60,000. கூட்டினால் 1,74,400, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 418. 1.65ஆல் பெருக்கினால் சேஃப்டி ஸ்டாக் 689.

198 எங்கே, 689 எங்கே. அந்த இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேவையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே. கணிப்பை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தப் பொருளுக்குப் பலன் மிகச் சின்னது. அதே சப்ளையரின் தாமத மாறுபாட்டை 2 நாளிலிருந்து 1 நாளாகக் குறைத்தால் 14,400 + 40,000 = 54,400, வர்க்கமூலம் 233, சேஃப்டி ஸ்டாக் 385. சராசரி லீட் டைம் ஒரு நாள்கூடக் குறையவில்லை, சொன்ன தேதிக்கு ஒழுங்காக வந்தது, அவ்வளவுதான். 304 துண்டு இருப்பு குறைந்துவிட்டது. இதைக் கூட்டத்தில் எடுத்து வைக்கத் தெரிந்தவரை அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிடுவார்கள். சான்றிதழின் தொழில் பலன் இப்படித்தான் நடைமுறையில் வருகிறது.

கொள்முதல்மேசை:
இந்த 304ஐப் பையரின் பக்கத்திலிருந்து பாருங்கள். விலை ஒப்பீட்டுப் பட்டியலில் குறைந்த விலை சொன்ன சப்ளையர் முதலில் நிற்பார். அவருடைய தாமத மாறுபாட்டால் கிடங்கில் கூடுதலாக நிற்கும் 304 துண்டு அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. மொத்த உரிமைச் செலவு என்று சிஐபிஎஸ், சிபிஎஸ்எம் இரண்டிலும் சொல்லித் தருவது இதைத்தான். இருப்பு வைக்கும் செலவையும், அவசரமாக வரவழைக்கும் போக்குவரத்துச் செலவையும், தர நிராகரிப்பையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'லீட் டைம் 9 நாள்' என்று மட்டும் எழுதாமல், 'ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து ஒரு நாள் முன்பின், அளவு முழுமையாக' என்று எழுதி மாதாமாதம் அளந்தால் பிளானரின் 689, 385 ஆவதற்கு வழி பிறக்கும். பிளானர் கணக்கு தெரியாத பையரும், ஒப்பந்தம் தெரியாத பிளானரும் இதைச் சேர்ந்து செய்ய முடியாது.

கிடங்குவாசல்:
மிகவும் நன்றி. அந்த 1.65 எங்கிருந்து வந்தது? 95 சதவீதம் என்றால் 100 ஆர்டரில் 95க்குப் பொருள் கிடைக்கும் என்று அர்த்தமா?

எண்கணக்கர்:
இல்லை, இங்கேதான் தேர்விலும் வேலையிலும் நிறையப் பேர் விழுகிறார்கள். 1.65 என்பது இயல்நிலைப் பரவலில் 95 சதவீதத்துக்கான புள்ளி. 98 சதவீதத்துக்கு 2.05, 99க்கு 2.33. இந்த 95 சதவீதம் நிரப்பல் சுழற்சியைப் பற்றியது. ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேரும் வரையிலான 100 சுழற்சிகளில் 95இல் தட்டுப்பாடே வராது என்று அர்த்தம். எத்தனை துண்டு குறைந்தது என்பதை இது சொல்லாது. மொத்தத் தேவையில் எவ்வளவு பங்கு கையிருப்பிலிருந்து கொடுக்கப்பட்டது என்பது ஃபில் ரேட், வேறு எண். ஒரு சுழற்சியில் 5,000 துண்டு போய் கடைசியில் 10 துண்டு குறைந்தாலும் சுழற்சிக் கணக்கில் அது தோல்விதான். ஃபில் ரேட்டிலோ 99.8 சதவீதம். மேலாளர் '95 சதவீதம் வேண்டும்' என்றால் எந்த 95 என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, அலகு. திட்ட விலக்கத்தை வாரக் கணக்கில் எடுத்துவிட்டு லீட் டைமை நாளில் போட்டுப் பெருக்கும் தவறு ரொம்பச் சகஜம். இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும். வாரத்துக்கு வேலைநாள் ஐந்தா, ஆறா, ஏழா என்பதும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஈஆர்பிதளம்:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. சூத்திரம் தெரிந்தால் போதாது, சிஸ்டத்தில் எந்த எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சான்றிதழ் வைத்திருப்பவர் அங்கே தடுமாறினால், ஈஆர்பியில், அதாவது நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் ஓடும் மென்பொருளில், ஐந்து வருடம் கைபழகியவர்தான் முன்னே போவார்.

உதாரணத்துக்கு எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளில் லீட் டைம் ஒரே கட்டத்தில் இல்லை. சப்ளையர் எடுத்துக்கொள்ளும் நாளும், சரக்கு வந்தபின் பரிசோதித்து உள்ளே ஏற்றும் நாளும் தனித்தனிக் கட்டம். முதலாவது காலண்டர் நாள், இரண்டாவது வேலைநாள். பையர் '10 வேலைநாள்' என்று பேசி முடித்ததை அப்படியே முதல் கட்டத்தில் 10 என்று போட்டால், இடையில் வரும் விடுமுறை நாள்களை விழுங்கிவிட்டு ஒவ்வொரு ஆர்டரும் மூன்று நான்கு நாள் தாமதமாகவே கிளம்பும். யாரும் தப்புச் செய்ததாகத் தெரியாது, ஆனால் சப்ளையர் எப்போதும் லேட் என்று பேர் வாங்குவார்.

மேலே சொன்ன 2 நாள் மாறுபாட்டைக் கண்டுபிடிப்பதும் சும்மா இல்லை. கடைசி 25, 30 ஆர்டரை எடுத்து, ஆர்டர் வெளியிட்ட தேதிக்கும் சரக்கு ஏற்ற தேதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கணும். கோரிக்கை எழுந்த தேதியை எடுத்தால் நம் அலுவலகத்து ஒப்புதல் தாமதமும் சப்ளையர் தலையில் விழும். பகுதி பகுதியாக வந்த ஆர்டர் என்றால் அளவு முழுதாகச் சேர்ந்த தேதியை எடுங்கள். தேவையின் ஏற்ற இறக்கத்துக்கு அனுப்பிய அளவை எடுக்காதீர்கள், கேட்ட அளவை எடுங்கள். சரக்கு இல்லாத நாளில் அனுப்பியது பூஜ்யம். அதைத் தேவையே இல்லை என்று சிஸ்டம் நம்பிவிடும்.

திட்டப்பலகை:
நண்பர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் இது ஒன்றுக்கொன்று எதிரானது இல்லை. எந்தக் கட்டத்தில் எண் இருக்கிறது என்று தெரிந்தவர் சிஸ்டம் மாறினால் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கட்டம் ஏன் இருக்கிறது என்று தெரிந்தவர் வேறு சிஸ்டத்தில் அதையே வேறு பெயரில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். எஸ்ஏபி, ஆரக்கிள் என்று மென்பொருள் நிறுவனங்களே கொடுக்கும் சான்றிதழும் உண்டு. ஏற்கெனவே அந்த சிஸ்டம் ஓடும் இடத்தில் வேலை தேடினால் அது வேகமாகப் பலன் தரும். சிஸ்டத்தைத் தினமும் பயன்படுத்துகிற ஒருவர் சிபிஐஎம் எடுத்தால் இரண்டு பலமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடும்.

துறைமுகப்பார்வை:
லாஜிஸ்டிக்ஸ் பக்கம் யாரும் பேசவில்லை என்பதால் வருகிறேன். சிஎல்டிடி தவிர சிஐஎல்டி என்று ஒன்று உண்டு. 1919இல் தொடங்கிய பழைய அமைப்பு. எழுத்து வரிசை மட்டும்தான் கிட்டத்தட்ட ஒன்று; முதலாவது ஒரு தேர்வு, இரண்டாவது பல நிலைகளைக் கொண்ட தொழில்முறை அமைப்பு. ரெஸ்யூமில் குழப்பி எழுதாதீர்கள்.

இந்தப் பக்கம் படிப்பு எங்கே காசாகிறது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். சரக்கின் செலவும் பொறுப்பும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே மாறும் என்று சொல்லும் சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020இல் 11 விதிகள். அதில் 7 எந்தப் போக்குவரத்துக்கும், 4 கடல் மற்றும் உள்நாட்டு நீர்வழிக்கு மட்டும். எஃப்ஓபி அந்த நான்கில் ஒன்று. எஃப்ஓபியில் பொறுப்பு வாங்குபவருக்கு மாறுவது சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான். கன்டெய்னரை விற்பவர் முனையத்தின் வாசலிலேயே ஒப்படைத்துவிடுகிறார். அது யார்டில் நாலைந்து நாள் நின்று பிறகு கப்பல் ஏறுகிறது. அந்த நாலைந்து நாளில் நனைந்தாலோ விழுந்தாலோ, கையில் இல்லாத சரக்குக்கு விற்பவரே பொறுப்பு. கன்டெய்னருக்கு எஃப்சிஏ போட்டிருந்தால் ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு மாறியிருக்கும். பழக்கத்தினால் எஃப்ஓபி என்று எழுதிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். சிஐஎஃப்பிலும் ஒரு பொறி: காப்பீடும் கப்பல் கூலியும் விற்பவர் கட்டினாலும், பொறுப்பு ஏற்றுமதித் துறைமுகத்திலேயே மாறிவிடுகிறது. சரக்கின் உரிமை எப்போது மாறும் என்பதை இன்கோடெர்ம்ஸ் சொல்வதே இல்லை, அதை ஒப்பந்தத்தில் தனியாக எழுத வேண்டும். இந்த நாலு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் ஷிப்பிங் எழுத்தர் மேசையிலிருந்து ஒப்பந்தம் சரிபார்க்கும் மேசைக்குப் போகலாம்.

நேர்காணல்அறை:
ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து சில வார்த்தை. சான்றிதழ் வேலை செய்வது இரண்டு இடத்தில். முதலாவது வடிகட்டும் கட்டம். விண்ணப்பங்களை முதலில் பார்ப்பவருக்குத் துறை தெரியாது. அறிவிப்பில் உள்ள வார்த்தைகள் ரெஸ்யூமில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார், அல்லது மென்பொருள் பார்க்கிறது. பதவிப் பெயர் 'கிடங்கு மேற்பார்வையாளர்' என்று இருப்பவர் 'பிளானர்' வேலைக்கு விண்ணப்பித்தால் இந்த இடத்திலேயே விழுந்துவிடுவார். சிபிஐஎம் என்ற எழுத்து அவரைத் தாண்ட வைக்கிறது. துறை மாறுகிறவர்களுக்குத்தான் பலன் அதிகம், ஏற்கெனவே பத்து வருடம் பிளானராக இருப்பவருக்கு ரொம்பக் குறைவு.

இரண்டாவது நேர்காணல். அங்கே தாளே சில நேரம் எதிராகத் திரும்பும், ஏனென்றால் எதிர்பார்ப்பு கூடிவிடுகிறது. சான்றிதழ் உள்ளவரிடம் வரையறை கேட்க மாட்டார்கள், ஒரு தாளை நீட்டுவார்கள். கையிருப்பு 120. இரண்டாம் வாரத்தில் 200 வரவேண்டியிருக்கிறது. நான்கு வாரத் தேவை 90, 110, 150, 80. ஆர்டர் அளவு 200, லீட் டைம் 2 வாரம். எப்போது ஆர்டர் போடுவீர்கள்? முதல் வார முடிவில் 30, இரண்டாம் வாரம் 200 சேர்ந்து 110 போய் 120, மூன்றாம் வாரம் 150 கேட்டால் 30 குறைகிறது. ஆக மூன்றாம் வாரத்தில் 200 வர வேண்டும், முதல் வாரத்திலேயே ஆர்டர் போக வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த கேள்வியில்தான் பிரியும்: லீட் டைம் 3 வாரம் என்றால்? ஆர்டர் போன வாரமே போயிருக்க வேண்டும். 'அவசரமாக வரவழைப்பேன்' என்று சொல்லி நிறுத்துபவர் புத்தகத்தைப் படித்தவர். 'குறைவது 30தான். அந்த 150இல் எது உறுதியான ஆர்டர், எது கணிப்பு என்று பார்ப்பேன். உறுதியானது 120க்குள் இருந்தால் எதையும் துரத்த வேண்டாம். இல்லையென்றால் 30ஐ மட்டும் முன்கூட்டி அனுப்ப முடியுமா என்று சப்ளையரைக் கேட்பேன், மீதி 170 வழக்கமான வழியில் வரட்டும்' என்று சொல்பவர் வேலை தெரிந்தவர். தேர்ச்சி பெற்ற பிறகும் இந்தக் கேள்விகளைக் கையால் போட்டுப் பழகுங்கள்.

கிடங்குவாசல்:
தெளிவாகப் புரிகிறது. தேர்வுக்கு எவ்வளவு நாள் ஒதுக்குவது? அனுபவம் இருந்தால் சீக்கிரம் முடியுமா?

திட்டப்பலகை:
வாரம் 8லிருந்து 10 மணி நேரம் கொடுத்தால் 14லிருந்து 16 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுத் தேதியை முதலிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. தேதி இல்லாத படிப்பு நீண்டுகொண்டே போகும்.

அனுபவம் உதவும், கெடுக்கவும் செய்யும். தேர்வு கேட்பது அந்தப் பாடத்திட்டத்தின் உலகத்தில் எது சரி என்பதை. உங்கள் நிறுவனத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை இல்லை. ஒரு மாதிரி: சுழற்சி எண்ணிக்கையில், அதாவது இருப்பைப் பகுதி பகுதியாக முறைவைத்து எண்ணும்போது, சிஸ்டத்தில் 500, ரேக்கில் 460. முதலில் என்ன செய்ய வேண்டும்? கிடங்கு அனுபவம் உள்ளவர் கை உடனே 'பதிவை 460 ஆக்கு' என்ற விடைக்குப் போகும். பாடத்தின்படி சுழற்சி எண்ணிக்கையின் நோக்கம் பிழையின் காரணத்தைக் கண்டுபிடிப்பது. மறுபடி எண்ணி, நிலுவையில் உள்ள பரிவர்த்தனையைப் பார்த்து, காரணம் தெரிந்தபின்தான் திருத்தம். எடுத்த 40 இன்னும் பதிவாகாமல் இருந்தால், நீங்கள் 460 ஆக்கிய பின் அதுவும் பதிவாகி 420 என்று காட்டும். பிழை இரண்டாகிவிடும். 'முதலில்', 'மிகவும் பொருத்தமான', 'தவிர' என்ற மூன்று வார்த்தை கேள்வியில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள்.

சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட எண் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணிப்புப் பிழைகளைக் கூட்டல் கழித்தல் குறியோடு கூட்டி, குறியை நீக்கிக் கணக்கிட்ட சராசரிப் பிழையால் வகுப்பது டிராக்கிங் சிக்னல். கூட்டுப் பிழை 250, சராசரிப் பிழை 50 என்றால் 5. வழக்கமாக வைக்கும் வரம்பு 4 என்றால் இது தாண்டிவிட்டது. இவ்வளவு கணக்கு. அதன் பொருள் கணிப்பு தொடர்ந்து ஒரே பக்கம் சாய்கிறது என்பது. அது தெரியாவிட்டால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஈஆர்பிதளம்:
கணிதம் பலவீனம் என்று தோன்றினால் எம்ஐடியின் மைக்ரோமாஸ்டர்ஸ் வரிசையில் சப்ளை செயின் அனலிட்டிக்ஸ் பாடத்தை முதலில் தொட்டுப் பாருங்கள். இணையத்தில் இருக்கிறது. புள்ளியியலும் ஆப்டிமைசேஷனும் அங்கே சிபிஐஎம்மைவிட ஆழம். முழு வரிசையும் முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். அது வேறு பாதை, அனலிஸ்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு.

கொள்முதல்மேசை:
கட்டணம் கட்டுவதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். தேர்ச்சி பெற்றால் மட்டும் திருப்பித் தருவார்களா, முதல் முயற்சிக்கு மட்டுமா, வாங்கிய பின் எத்தனை மாதம் அங்கேயே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் ஆறு மாதத்தில் நல்ல வாய்ப்பு வந்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கட்ட நேரும். முன் ஒப்புதல் இல்லாமல் கட்டிவிட்டுப் பிறகு ரசீது கொடுத்தால் பல இடங்களில் ஏற்பதில்லை.

எடுத்த பின் பராமரிப்பும் உண்டு. ஏஎஸ்சிஎம் சான்றிதழ்களுக்கு ஐந்து வருடத்தில் 75 புள்ளி சேர்க்க வேண்டும். சிபிஎஸ்எம்முக்கு நான்கு வருடத்தில் 60 மணி நேரத் தொடர்கல்வி. பயிற்சி, கருத்தரங்கு, பாடம் எடுத்தது என்று எதற்கும் வருகைச் சான்றை அன்றே ஒரு கோப்பில் போடுங்கள். ஐந்தாம் வருடம் உட்கார்ந்து தேடினால் பாதிக்கு மேல் கிடைக்காது.

கிடங்குவாசல்:
அப்படியென்றால் வழி இதுதான்: சிபிஐஎம், 16 வாரம், கூடவே இப்போது கையாளும் பொருள்களில் சிலவற்றுக்கு லீட் டைம் மாறுபாட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பிளானிங் பிரிவிடம் காட்டுவது. ஒரே சந்தேகம், படித்துக்கொண்டிருக்கும்போதே ரெஸ்யூமில் போடலாமா?

நேர்காணல்அறை:
தாராளமாகப் போடலாம், ஆனால் பெயருக்குப் பின்னால் எழுத்தாகப் போடக்கூடாது. கல்விப் பகுதியில் 'சிபிஐஎம், தேர்வு பதிவு செய்யப்பட்டுள்ளது' என்று எழுதி மாதத்தையும் வருடத்தையும் குறிப்பிடுங்கள். மாதம் இல்லாத 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதன் கீழே ஒரு வரி: எத்தனை பொருள், எத்தனை ஆர்டரின் தேதியைப் பார்த்தீர்கள், சேஃப்டி ஸ்டாக் எதிலிருந்து எதற்கு மாறியது. கூடிய பொருள்களையும் மறைக்காமல் எழுதுங்கள். எல்லாமே குறைந்தது என்று எழுதியிருந்தால் முதல் கேள்வியே அதில்தான் வரும்.